அம்மா பிடித்த உருண்டை

ராஜமாணிக்கம் சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வாசனையிலேயே காலம் தள்ளிய மனுஷன், ஆனாலும் சிதம்பரத்தில் எந்த ஸ்வீட்டைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பார். "இதெல்லாம் ஒரு இனிப்பா? எங்கம்மா கடலை உருண்டை புடிப்பாங்க பாரு" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

2009இல் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு, மருமகள் இளமதி அந்த உருண்டையைச் செய்தே தீருவது என்று உட்கார்ந்தாள். நல்ல நிலக்கடலையாக வாங்கி வறுத்து, வெல்லம் சேர்த்து இடித்துப் பிடித்தாள். மாமனார் ஒரு கடி கடித்தார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அது நறநறன்னு இருக்கும். கடைசியில லேசா ஒரு கசப்பு வரும். அது இதுல இல்ல."

காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா முத்தம்மாள், வெற்றிலை மென்றபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்புடிடா வரும்? நம்ம வூட்ல ஏது கடலை? அது புண்ணாக்குடா. மாட்டுக்கு வச்சிருந்தத எடுத்துத்தான் அம்மா வெல்லம் போட்டு இடிக்கும்."

ராஜமாணிக்கம் அக்கா பக்கம் திரும்பினார். "அப்ப மாட்டுக்கு?"

"வெறும் வைக்கோலுதான். நம்ம செவலைக் காளை ஏர்லயே மடங்கி வுழுந்து செத்துச்சே, சீக்குன்னா நெனச்சிக்கிட்டு இருந்த?"

கையிலிருந்த மீதி உருண்டையை அவர் தட்டிலேயே வைத்தார். சிறுவயதில் உருண்டையும் கையுமாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால், செவலை நாக்கை நீட்டிக்கொண்டு அவர் கையை நக்க வரும். ஒவ்வொரு தடவையும் மூக்கிலேயே ஓர் அடி வைத்து விரட்டியிருக்கிறார்.