ஓட்டுநர் இல்லாத டிராக்டருக்கு வந்த சீட்டு

1. அறையில் இருந்தவர்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: சேஃப்டி ஆபீசர் காலித், எங்கள் வேர்ஹவுஸ் மேனேஜர் மேத்தா, டிராக்டரை விற்ற கம்பெனியின் வெள்ளைக்கார இன்ஜினியர், டெக்னீஷியன் செல்வின், நான். ஆக ஐந்து பேர். ஆறாவது நாற்காலியில் பழந்துணி அடைத்த பொம்மை ஒன்று ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தது. அது மாட்டியிருந்த கவராலின், அதாவது கம்பெனி வேலைச் சட்டையின், முதுகில் என் நம்பர் இருந்தது. விசாரணையே அதைப் பற்றித்தான்.

இடம் ஜெபல் அலி. துபாயில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன். பயந்த சுபாவம். ரூமில் கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து, கிளம்பிய கேம்ப் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடியிருக்கிறேன். டிரைவர் திட்டுவார். அப்படியும் ஓடுவேன்.

எங்கள் வளாகத்துக்குள் ரோட்டு விதி கடுமை. ஸ்டாப் கோட்டில் நிற்காமல் போனால் சீட்டு எழுதுவார்கள், இருநூறு திர்ஹம் அபராதம். மூன்றாவது சீட்டு வந்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் இல்லாதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு விசா இல்லை. என் பேரில் ஏற்கனவே இரண்டு இருந்தன. அடுத்த மாதம் எனக்கு முதல் லீவு. லீவில் ஊருக்குப் போவது வேறு, விசா கேன்சலாகிப் போவது வேறு.

2. பதில் சலாம் சொல்லாத ஆள்

அந்த டிராக்டர் தரையில் புதைத்த ஒயரைப் பிடித்துக்கொண்டு தானாகவே போகும். ஒன்றாம் ஷெட்டிலிருந்து இரண்டாம் ஷெட்டுக்கு டிராலிகளை இழுக்கும். நடுவே லாரிகள் வரும் ரோட்டைத் தாண்ட வேண்டும். சரக்கை ஏற்றிப் பச்சைப் பட்டனை அமுக்குவது என் வேலை. சீட், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டான்.

முதல் வாரமே தகராறு. டிரைவர் சீட் காலியாக வந்த டிராக்டரைப் பார்த்த, பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணி லாரிக்காரர் ஒருவர், யாரோ ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டான் என்று நினைத்துக் குதித்து அதன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். அவர் விட்டுப் போன லாரியால் ரோடு அடைத்துக்கொண்டது.

செல்வின் நாகர்கோவில் பக்கத்துப் பையன், மூளைக்காரன். "அண்ணே, சீட்ல ஆளிருந்தா இவனுவ பேடிக்க மாட்டானுவ. ஒங்க பழைய கவரால் ஒண்ணு தாங்க" என்றான். கிழிந்த ஒன்றைக் கொடுத்தேன். துணியை அடைத்து, ஹெல்மெட் வைத்து, டிரைவர் சீட்டில் கட்டிவிட்டான்.

அதன் பிறகு லாரிகள் ஒழுங்காக நின்றன. சில டிரைவர்கள் கைகூடக் காட்டினார்கள். ஒருவர் என்னிடம் வந்து புகார் சொன்னார்: "உங்க ஆளுக்கு ரொம்பத் திமிர் பாய். தினமும் சலாம் வைக்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்."

சிரித்துக்கொண்டே இருந்தோம், காலித் புதிதாக வந்து அந்த ரோட்டோரம் நிற்கும் வரை. டிராக்டர் ஸ்டாப் கோட்டில் நிற்காமல் போனதைப் பார்த்தார். விசில் அடித்தார். 'டிரைவர்' சட்டை செய்யவில்லை. முதுகில் இருந்த நம்பரை எழுதிக்கொண்டார். பட்டனை அமுக்கிவிட்டுப் போன நான் அப்போது மெஸ்ஸில் சோற்றில் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கேயே சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது என் மூன்றாவது சீட்டு. சோறு அப்படியே இருந்தது.

3. "கோட்டுல நிறுத்து"

காலித் அந்த நாட்டு அரபிதான், ஆனால் இந்தி நன்றாகப் பேசுவார். விசாரணை அறையில் பொம்மையை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"டிரைவர் யாரு?"

மேத்தா என்னைக் காட்டினார். "பட்டனை அமுக்கினது இவன்தான் சார்."

இன்ஜினியர் சொன்னதை மேத்தா இந்தியில் சொன்னார்: "மெஷின் தப்பே பண்ணாதாம். முன்னால ஏதாவது இருந்தா தானா நின்னுடுமாம்."

"சார், பொம்மை வெச்சது நான்" என்றான் செல்வின். "அண்ணன் மேல எழுதாதீங்க."

என்னால் ஒன்றுதான் சொல்ல முடிந்தது. "சார், நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். கேன்சல் மட்டும் பண்ணிடாதீங்க."

"பயப்படாதே, வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காலித் எல்லாரையும் யார்டுக்குக் கூட்டிப் போனார். பொம்மை இருந்த டிரைவர் சீட்டில் என்னை உட்கார வைத்து, பச்சைப் பட்டனை அவரே அமுக்கினார். "கோட்டுல நிறுத்து."

கோடு வந்தது. பிரேக்கை மிதித்தேன். இரண்டு காலாலும் மிதித்தேன். ஆட்டோ மோடில் தானாக ஓடும்போது அந்தப் பிரேக் வேலையே செய்யாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "யம்மா!" என்று நான் அலற, டிராக்டர் கோட்டைத் தாண்டி நிதானமாக ஷெட்டுக்குள் போனது. கூடவே நடந்து வந்த காலித் இப்போது வாய்விட்டே சிரித்தார்.

"நீ உக்காந்தாலும் ஒண்ணுதான், பொம்மை உக்காந்தாலும் ஒண்ணுதான்."

பிறகு சிரிப்பை நிறுத்தி இன்ஜினியரிடம் திரும்பினார். "ஏன் நிக்கலை?"

"லாரி எதுவும் வரலையே." இன்ஜினியர் சொன்னதைச் செல்வின் என் காதில் தமிழில் சொன்னான்.

"என் ரோட்டுல யாரும் வரலைன்னாலும் கோட்டுல நிக்கணும். இந்தப் பட்டாணிங்க நிக்கிறாங்க, இவன் நிக்கிறான். இதுக்கு நிக்க வேணாம்னு முடிவு பண்ணினது யாரு?"

"சீக்கிரம் போகணும்னு கேட்டது நீங்க" என்றார் இன்ஜினியர், மேத்தாவைப் பார்த்து. "செட் பண்ணித் தந்தது நீங்கதானே" என்றார் மேத்தா. இருவரும் வேகமான ஆங்கிலத்தில் சண்டையில் இறங்கிவிட்டார்கள். காலித் என் சீட்டை வாங்கி, அதிலிருந்த என் நம்பரையும் பெயரையும் அடித்துவிட்டார். பெயர் இருந்த இடம் காலியானது.

"கலாஸ், முடிஞ்சுது. முடிவு பண்ணின ஆளோட பேரு இதுல வரட்டும். அதுவரைக்கும் சீட்டு என்கிட்ட இருக்கும். கோட்டுல நிக்கக் கத்துக்காம வண்டியும் ஓடாது." சக்கரத்தில் சங்கிலி போட்டார். என்னிடம், "உன் பாஸ் உன்கிட்டயே இருக்கட்டும். உன் நம்பர் போட்ட சட்டையை மட்டும் யாருக்கும் குடுக்காதே" என்றார்.

4. இப்போது

இன்ஜினியர் திரும்ப வந்து, லாரி வந்தாலும் வராவிட்டாலும் கோட்டில் நிற்கும்படி செய்தார். ஆட்டோ மோடிலும் பிரேக் பிடிக்கும்படி மாற்றினார். நானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன், மூன்று தடவை. சங்கிலியை எடுத்தார்கள். நான் லீவில் போனேன், லீவு முடிந்து திரும்பியும் வந்தேன்.

இப்போது துபாயில் பெரிய ரோட்டிலேயே ஆளில்லாத கார் வருகிறதாம். அங்கே டாக்ஸி ஓட்டும் பையன்கள் ஊரில் இருக்கும் என்னைப் போனில் கேட்கிறார்கள்: "அண்ணே, அது சிக்னல்ல நிக்காமப் போனா யாரைப் பிடிப்பாங்க?" எனக்குச் சட்டம் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவனின் காலுக்குப் பிரேக் எட்டுகிறதா, நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தது யார், இந்த இரண்டையும் கேட்க ஓர் ஆபீசர் அங்கே இருந்தால் போதும் என்று சொல்வேன். இருப்பார். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற நான் இந்த ஒன்றை மட்டும் நம்புகிறேன்.

அந்தச் சீட்டு சேஃப்டி ஆபீஸ் போர்டில் பின் குத்தித் தொங்கியது. எங்கள் கம்பெனி, விற்ற கம்பெனி கட்டட்டும் என்றது. விற்ற கம்பெனி, வாங்கிய கம்பெனி கட்டட்டும் என்றது. வேலையை முடித்து ஊருக்கு வரும் முன் காலித்திடம் சொல்லிக்கொள்ளப் போனபோதும் அது அங்கேயே இருந்தது, பெயர் எழுதாமல். பாக்கி இருநூறு திர்ஹம்.