ஹனா பெல்லின் திங்கட்கிழமை

ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமைக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று 1994இல் வெக்ஸ்போர்ட் குடியிருப்பாளர் சங்கம் கிளம்பியது. விடுமுறை ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால், பெற்றவர்கள் பெயர் வைக்க மறந்த பிள்ளை மாதிரிச் சும்மா ‘சிவிக் ஹொலிடே’, ஊர் விடுமுறை, என்று கிடந்தது.

அந்தப் பக்கத்துக் காட்டை வெட்டி முதல் வீடு கட்டியவள் ஹனா பெல் என்று யாரோ பழைய கடதாசிகளில் கண்டுபிடித்தார்கள். புருஷன் தோமஸ் கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட, நாலு பிள்ளைகளோடு வந்து இறங்கியவளாம். சங்கத்தில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் தவமணி. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவளும் புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு பனிக்குள் வந்து இறங்கியவள்தான். தெருவுக்குத் தெரு தளபதிகளின் பெயரும் பிரபுக்களின் பெயரும்தான். ஒரு நாளாவது இப்படி ஒருத்தியின் பெயரில் இருக்கட்டுமே! சும்மா சொல்லக்கூடாது, அதற்காக அவள் ஏங்கியே போனாள்.

நகரசபை ஒரு நிபந்தனை போட்டது. ஹனாவின் வாரிசு கையெழுத்திட்டால் மறுபேச்சில்லை, இல்லையென்றால் இல்லை. மிஞ்சியிருந்த ஒரே வாரிசு, பக்கத்து நகரமான அஜக்ஸில் இருந்த கிழவர் வோல்டர் பெல். மூன்று கடிதம் போட்டும் பதிலில்லை. விட்டுவிடுவோம் என்றார் சங்கத் தலைவர். தவமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தபாலில் கடிதம் போட்டால் எந்த மானமுள்ள மனிதன் அசைவான்? நல்ல காரியமென்றால் வீடு தேடிப்போய்ச் சொல்ல வேண்டாமா?

அப்படியானால் நீங்களே போங்கள் என்றுவிட்டார் தலைவர். வெள்ளைக்காரர், பாவம், அவருக்கு என்ன தெரியும்? புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்துக்கு அழைப்புச் சொல்லப் போவதில்லை. மூத்த மகளின் கலியாணத்துக்கே மச்சாள்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பெற்றவள் குசினிக்குள் இருந்தாள். இரண்டு நாள் தவமணி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழமும் பயத்தம் பணியாரமும் தட்டத்தில் எடுத்துக்கொண்டு, நகரசபையின் படிவத்தையும் பையில் வைத்து, இளைய மகள் துர்க்காவைக் காரோட்டச் சொல்லி அஜக்ஸுக்குப் போனாள்.

ஏதோ விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்த கிழவர், விஷயம் தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கையெழுத்திடத் தயார்தானாம். ஆனால் ‘தோமஸ் பெல் நாள்’ என்று வைக்கவேண்டுமாம். கப்பலேறுமுன்பே காணி கேட்டு மனுப் போட்டவர் அவர், குடும்பத் தலைவரும் அவர்தானே என்றார். ஏதோ ஒரு பெல் கிடைத்தால் போதும், ஓமென்று சொல்லுங்கோ அம்மா என்று துர்க்கா காதுக்குள் சொன்னாள்.

“என்ர மனிசனும் நல்லவர்தான்,” என்றாள் தவமணி. “இருந்திருந்தால் எல்லாம் செய்திருப்பார். ஆனால் இந்தப் பனிக்குள்ள பிள்ளையளை வளர்த்து நிமித்தினது நான். அதை அவரின்ர பேரில எழுதினால் அவருக்கே வெக்கமா இருக்கும். இதை அப்பிடியே இங்கிலிசில சொல்லு, பிள்ளை.”

அப்பாவைப் பற்றி அம்மா இப்படிப் பேசித் துர்க்கா கேட்டதே இல்லை. ஒரு சொல் விடாமல் கிழவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

கிழவர் பேனாவை எடுத்தார். படிவத்தில் நாளின் பெயருக்காக வெறுமையாக விட்டிருந்த இடத்தில் ‘ஹனா’ என்று மெதுவாக எழுதி, கீழே கையெழுத்திட்டார். அந்தத் திங்கட்கிழமை விழாவுக்குத் தானும் வரலாமா என்று கேட்டார்.

“வராமல் விடுறதே?” என்றாள் தவமணி. “அதைச் சொல்லத்தானே நான் வந்தனான்.”