சோளக்காட்டுக்குப் போன ஏழாம் எண் பஸ்

நம் பள்ளியின் இலையுதிர்காலக் குடும்ப மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லித் தலைமையாசிரியை திருமதி இங்கிரம் என்னைக் கேட்டபோது நான் ஆச்சரியப்படவில்லை. வெல்னிக் ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுத விஷயம் உள்ளவன் நான்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். அதற்கப்புறம் இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் குடிக்கிற தண்ணீரைப் பூமிக்கு அடியிலிருந்து மேலே கொண்டுவந்தேன். உங்கள் பிள்ளைகள் பள்ளிக் குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறார்களே, அது இந்த லம்பர்ட் கோவாரிக் போட்ட போர்க் கிணறு. இன்றுவரை ஒரு கோடையிலும் அது வற்றியதில்லை. கொடிமரத்தடியில் என் பெயரைப் போடலாம் என்று நிர்வாகக் குழுவில் நானே இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சரி, என் கதை இருக்கட்டும். போட்டோ எடுத்த நாள், இலை சேகரித்த நாள், ஏழைப் பிள்ளைகளுக்குக் குளிர்க்கோட்டு திரட்டியது, பூசணிக்காயின் எடையை யார் சரியாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் மற்ற பக்கங்களில் வரும். எனக்குக் கொடுத்திருப்பது லவோன் ஸ்லாமாவை.

லவோனைத் தெரியாதவர் இங்கே யாருமில்லை. ஏழாம் எண் பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆரஞ்சுத் தொப்பி. ஆற்றோரப் பண்ணையில் பிறந்தவள். ஐந்து அண்ணன்களுக்கு ஒரே தங்கை. அதனால் சத்தமாகப் பேசினால்தான் சோறு என்ற வீட்டில் வளர்ந்தவள். பழைய டிரைவருக்கு இடுப்பு முறிந்தபோது, 'அவர் எழுந்து நடக்கிற வரைக்கும்' என்று சாவியை வாங்கினாள். அவர் எழுந்து நடந்து, பேரன் பேத்தி எடுத்து, போயும் சேர்ந்துவிட்டார். சாவி இன்னும் லவோனிடம்தான் இருக்கிறது. இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அப்பா அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர், அந்த பஸ்ஸில் மூக்கு ஒழுக உட்கார்ந்து போனவர்கள்தான்.

நம் இலையுதிர் விழாவில் பிள்ளைகள் போகிற மாறுவேட ஊர்வலமும் அவள் ஆரம்பித்ததுதான். ஒரு வருஷம், பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்கிற ஹாலோவீன் அன்று, ஒரு பையன் வேஷம் இல்லாமல் பஸ்ஸில் ஏறி அழுதான். லவோன் பின்சீட்டில் கிடந்த விதைச் சாக்கில் மூன்று ஓட்டை போட்டு அவன் தலைவழியாக மாட்டி, "இன்னைக்கு நீ சோள விதை. யாராவது சிரிச்சா முளைச்சுக் காட்டு" என்றாள். பள்ளி வாசலில் அவனை முன்னால் விட்டு மற்ற பிள்ளைகளைப் பின்னால் வரச் சொன்னாள். அந்தப் பையன்தான் இன்று தானியக் கிடங்கு ரோட்டில் பெரிய பண்ணை வைத்திருக்கிற எம்மெட் கூபெக். அவனைப் பற்றிக் கொஞ்சம் கழித்து.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கூட்டத்தில் திருமதி இங்கிரம் ஒரு யோசனை சொன்னார். அவர் ஒமாஹா நகரத்திலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நல்ல மனுஷி, ஆனால் வேகமாக நடப்பார். நம் இலையுதிர் விழாவைப் பெரிய ஊர்ப் பள்ளியோடு சேர்த்து நடத்தினால் என்ன என்று கேட்டார். அங்கே பெரிய கூடம், பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றடைத்த கோட்டை, எல்லாம் உண்டு.

"போன வருஷம் நம்ம கூடத்துல பாதி நாற்காலி காலி. பிள்ளைங்க ஊர்வலம் போனாங்க, பாக்க ஆளில்ல. எனக்கே சங்கடமா இருந்துது" என்றார்.

லவோன் கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். "அங்க போனா நம்ம பிள்ளைங்க வரிசையோட வாலுல நிப்பாங்க. யாரு வீட்டுப் பிள்ளைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இங்கயே நடக்கட்டும். தேதிய நான் குறிக்கிறேன். கூடம் நிறையலன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து பெரிய ஊருக்கே போங்க. நானே பஸ்ஸுல ஏத்திட்டுப் போறேன்."

"தேதி என்ன?"

"அக்டோபர் கடைசி வியாழன். அதுக்குள்ள அறுப்பு முடிஞ்சிரும்."

"மழை வந்து தள்ளிப் போச்சுன்னா?" என்றார் திருமதி இங்கிரம். படித்தவர்கள் சில சமயம் சரியாகத்தான் கேட்கிறார்கள்.

"கடைசி வியாழனுக்கு இந்த மாவட்டத்துல ஒரு கதிர் நின்னா, நான் என் பேர மாத்திக்கிறேன்!"

எனக்கு அப்போதே தெரியும். மண்ணுக்குள் ஈரம் எப்படி நகர்கிறது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் நான் பேசுவதில்லை. என் மனைவி இதை மறுப்பாள்.

அக்டோபர் நடுவில் ஆரம்பித்த மழை விடவே இல்லை. வயலில் மிஷின் இறக்கினால் அச்சு வரைக்கும் புதையும். சோளம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. லவோன் தினமும் காலையில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் பார்ப்பாள். பார்த்துவிட்டு, பிள்ளைகள் பாடினால்கூட, "கொஞ்சம் மெதுவா" என்பாளாம். லவோன் அப்படிச் சொன்னால் உடம்புக்கு ஏதோ என்று அர்த்தம்.

விழா வாரச் செவ்வாய்க்கிழமை மழை விட்டது. புதன்கிழமை காற்று அடித்தது. வியாழக்கிழமை காலையில் வெயில் பளீரென்று காய்ந்தது. மதியத்துக்குள் மாவட்டத்தில் இருக்கிற அத்தனை அறுப்பு மிஷினும் வயலில் இறங்கிவிட்டது. காய்ந்த நாளில் சோளத்தை விட்டுவிட்டு எவனாவது விழாவுக்கு வருவானா? ஆளுநரே வந்தாலும் மிஷினுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டுதான் பேச வேண்டும். அப்பாக்கள் மிஷினில். அம்மாக்கள் தானிய வண்டியில். தாத்தாக்கள் லாரியில்.

சாயங்காலம் கூடத்துக்குப் போனேன். பூசணிக்காய் மேஜைக்கு நான்தான் பொறுப்பு. பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும் என்று போர் போடுகிற என் வண்டியையும் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். உள்ளே பார்த்தால் மாறுவேடத்தில் பிள்ளைகள் ஒரு கூட்டம். பள்ளி விட்டதும் லவோன் அவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே வேஷம் கட்ட வைத்திருந்தாள். பள்ளிச் சமையற்காரி ஆர்டித் இடுப்புயரப் பானையில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லி காய்ச்சி, அதோடு தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தாள். நாற்காலிகளில் பாதிரியார், தபால்கார அம்மாள், ஒரு பையனின் கால் கட்டுப் போட்ட மாமா. அவ்வளவுதான்.

லவோன் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதற்கு முன் அவளைத் தொப்பியில்லாமல் நான் பார்த்தது அவள் கல்யாணத்தில்தான்.

திருமதி இங்கிரம் அருகில் வந்து, "வெயில் மேல யாருக்கும் அதிகாரம் இல்ல லவோன். பிள்ளைங்களுக்குப் பசிக்குது. ஊர்வலத்த ஆரம்பிச்சிரலாம்" என்றார்.

"யாருக்குக் காட்ட? எனக்கும் லம்பர்ட்டுக்குமா?"

"என்ன லவோன், நான் ஆள் இல்லையா?" என்றேன்.

"நீங்க பத்துப் பேருக்குச் சமம்னு நீங்களேதான் சொல்லிக்கறீங்க. அப்பவும் நூத்தித் தொண்ணூறு நாற்காலி காலி."

அப்போது எம்மெட்டின் மகள் டெஸ் வந்து லவோனின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். முதல் வகுப்புப் பிள்ளை. அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, பச்சைச் சாயம் அடித்து, அறுப்பு மிஷினாக வேஷம் கட்டியிருந்தது. "அப்பா எப்ப வருவாரு? எனக்கு இதுக்குள்ள உக்கார முடியல" என்றது.

லவோன் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"ஆர்டித்! பானைய மூடு. ரொட்டிய எடு. எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க!"

திருமதி இங்கிரம் பின்னாலேயே ஓடினார். "லவோன், லவோன், பெத்தவங்க அனுமதி இல்லாம சாயங்காலத்துல பிள்ளைங்கள வெளிய..."

"பெத்தவங்ககிட்டதானம்மா கூட்டிட்டுப் போறோம்!"

திருமதி இங்கிரம் ஒரு ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது.

பானையை இரண்டு சீட்டுக்கு நடுவில் வைத்து, ஆர்டித் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போர் வண்டியில் பின்னாலேயே போனேன். யாராவது சேற்றில் மாட்டிக்கொண்டால் இழுக்க ஒரு ஆள் வேண்டுமே.

முதலில் எம்மெட் வயல். அவன் சிவப்பு மிஷின் தூசியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தது. லவோன் ஹாரன் அடித்தாள். அவன் கை காட்டிவிட்டு, வரிசை முடிவில் மிஷினைத் திருப்பப் பார்த்தான். லவோன் பஸ்ஸை வயல் வாசலில் குறுக்கே நிறுத்தினாள். பட்டனை அழுத்தினாள். பஸ்ஸின் விலாவிலிருந்து சிவப்பு நிறுத்தப் பலகை நீண்டது. மேலே விளக்குகள் மாறி மாறி எரிந்தன.

மிஷின் நின்றது. முழுசாக, சத்தமே இல்லாமல் நின்றது. பள்ளி பஸ் அந்தப் பலகையை நீட்டினால் ரோட்டில் எந்த வண்டியும் நிற்க வேண்டும் என்பது சட்டம்; அது எம்மெட்டின் காலுக்கே தெரியும். மூளைக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"லவோன், இது ரோடு இல்ல! என் சொந்த வயலு!"

"லைட்டு எரியுதா, இல்லையா?"

"எரியுது..."

"அப்ப நின்னுதான் ஆகணும். எறங்குடா."

"சோளம் காத்திருக்காது லவோன்."

"சுருள் ரொட்டியும் காத்திருக்காது. சூடு ஆறுது."

அதற்குள் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். பேய், இளவரசி, மாட்டு வைத்தியர், இரண்டு பூசணிக்காய், ஒரு டைனோசர், எல்லோரும் சோளத் தட்டைகளுக்கு நடுவில் மிஷினைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். கடைசியாக டெஸ். எம்மெட் தன் மகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான்.

"ஐயோ, எங்க வீட்டுல போட்டிக் கம்பெனியோட பச்சை மிஷினா? உங்க தாத்தா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு!"

"பள்ளிக்கூடத்துல சிவப்புச் சாயம் தீந்துருச்சுப்பா" என்றது பிள்ளை.

எம்மெட் சிரித்துக்கொண்டே அந்த அட்டைப்பெட்டியோடு மகளைத் தூக்கி, மிஷின் படியில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். மிட்டாய் கேட்டுப் பிள்ளைகள் பையை நீட்டினார்கள். அறுப்பில் இருக்கிறவனிடம் மிட்டாய் ஏது? சூரியகாந்தி விதை கொடுத்தான். பாதிப் பொட்டலம் சூயிங்கம் கொடுத்தான். அதுவும் தீர்ந்ததும் ஒரு நட்டு, ஒரு போல்ட், ஆளுக்கொரு சோளக் கதிர். டைனோசருக்குத்தான் நட்டு கிடைத்தது. அவன் அதை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறான்.

ரொட்டியைச் சில்லியில் தோய்த்துத் தின்றுகொண்டே எம்மெட் கேட்டான்: "லவோன், பேர மாத்திக்கிறேன்னு சொன்னீங்களாமே. புதுப் பேரு என்ன வச்சிருக்கீங்க?"

"வாய மூடிட்டுத் தின்னு, சோள விதை!" என்றாள். அவன் காது சிவந்துவிட்டது.

பிறகு அவன் மிஷினில் இருந்த பேசுகிற ரேடியோவை எடுத்து ஊருக்கே சொன்னான். "லவோன் பஸ் வருது. லைட்டுப் போடுவா. நிறுத்திருங்க, இல்லன்னா வயலுக்குள்ளயே ஓட்டிருவா. ரொட்டி இருக்கு."

அடுத்த வயலில் பலகையை நீட்ட வேண்டியே இருக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் வயல் ஓரத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அதற்கடுத்த வயலில் ஒரு அம்மா தானிய வண்டியிலிருந்து குதித்து வந்து, தன் இளவரசியைச் சோளத் தூசியோடு கட்டிக்கொண்டாள். சாப்பிட்டவர்கள் சும்மா திரும்பவில்லை. பிக்கப் வண்டிகளில் ஏறி பஸ்ஸின் பின்னாலேயே வந்தார்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் வேஷத்தையும் பார்க்க. கடைசி வயலுக்குப் போகிறபோது பொழுது சாய்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி விளக்குகள்.

இருட்டில் பிள்ளைகள் முகம் யாருக்கும் தெரியவில்லை. இங்கேதான் நான் வருகிறேன். போர் வண்டியை மேட்டில் ஏற்றி, அதன் முதுகில் படுத்திருக்கிற துளைக் கோபுரத்தை நிமிர்த்தி, அதிலுள்ள அத்தனை விளக்கையும் போட்டேன். வயல் பகலாகிவிட்டது. எந்தப் பெரிய ஊர்க் கூடத்திலும் அப்படி வெளிச்சம் கிடையாது, சவால் விடுகிறேன். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் கடைசி ஊர்வலம் போனார்கள். கை தட்ட ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருந்தார்.

எல்லாம் முடிந்து ஆர்டித் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது லவோன் திருமதி இங்கிரமைத் தேடிப் போனாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். முக்கியமான இடத்தில் நான் எப்போதும் பக்கத்தில் இருப்பேன்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். கூடம் நிறையல. நான் குறிச்ச தேதி தப்பு. அடுத்த வருஷம் பெரிய ஊருக்கே போங்க. பஸ்ஸ நானே ஓட்டறேன்."

திருமதி இங்கிரமின் தலைமுடியில் சோளச் சருகு ஒட்டியிருந்தது. யாரோ அவரை மிஷினில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு கதிர்.

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூப்பிட்டும் பாக்காத அப்பாக்கள இன்னைக்கு ஒரே சாயங்காலத்துல பாத்துட்டேன். ஒருத்தர் தன் பையனோட கணக்கப் பத்தி மிஷின் படியில உக்காந்தே பேசினாரு" என்றார். பிறகு கேட்டார்: "அடுத்த வருஷம் எந்த வயல்லேர்ந்து ஆரம்பிக்கலாம், லவோன்?"

லவோன் தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிக்கொண்டு, "பிள்ளைங்களா, ஏறுங்க! ரயில் சத்தம் கேக்கணும், தண்டவாளம் தாண்டுற வரைக்கும் பாட்டு கிடையாது!" என்று கத்தினாள். தண்டவாளத்துக்கு ரொம்ப முன்னாலேயே பாட்டுச் சத்தம் எனக்குக் கேட்டது. அதில் உரக்கக் கேட்டது அவள் குரல்தான்.

ஆகவே குடும்பங்களுக்கு அறிவிப்பு: அடுத்த வருஷம் நம் இலையுதிர் விழா நம் ஊரில்தான் நடக்கும். வெயில் அடித்தால் வயலில், மழை பெய்தால் கூடத்தில். மிஷின் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இப்போதே கொஞ்சம் மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளவும். வெளிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு ஆள் இருக்கிறது. கொடிமரத்தடி விஷயத்தை மட்டும் குழு இன்னொரு முறை யோசிக்கலாம்.

— லம்பர்ட் கோவாரிக், ஆழ்துளைக் கிணறு போடுபவர்