ஒரு ஸ்பூன் எலுமிச்சை சாதம்

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விளைகிற வீட்டில் பிறந்தவள் தேவிப்ரியா. அவள் பெற்ற தென்றலுக்கோ ஒரு கடலைகூட ஆகாது. பிறந்த சில நாளிலேயே ரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கடலையில் நிறைந்திருக்கும் புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். அதில் ஃபினைல்அலனின் என்ற ஒன்றை மட்டும் இந்தக் குழந்தையின் உடம்பால் பக்குவப்படுத்த முடியாது. தேங்கினால் மூளையைக் கெடுத்துவிடும்.

அன்று முதல் அந்தப் பெயர் தேவிப்ரியாவுக்கு ஜென்ம விரோதி. வேங்கிக்காலில் ரவிக்கை தைத்துக்கொண்டே மற்ற பத்தொன்பது அமிலங்களின் பெயர்களையும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பட்டில் கிடைத்ததால் செரின், இனித்ததால் கிளைசின். உடம்பே செய்துகொள்பவை சில, சாப்பாட்டில் வந்தே தீரவேண்டியவை சில. மெஷின் ஓட ஓட அவளுக்குக் கண் சொக்கும். அந்த இருபது பேரும் கைகோத்து மலையைச் சுற்றுவார்கள். தசையாக, முடியாக, நகமாக மாறிக்கொண்டே நடப்பார்கள். ஒருத்தியை மட்டும் இவள் வழியிலேயே மறித்து நிறுத்திவிடுவாள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி குழந்தையோடு கிரிவலம் போவாள். வழியெல்லாம் அன்னதானம். யார் தொன்னையை நீட்டினாலும், "வேணாங்க, கொழந்தைக்கு ஆகாது" என்று மகளை இழுத்துக்கொண்டு நடப்பாள். பிரசாதத்தை மறுக்கிறாளே என்று முகம் சுளிக்காதவர்கள் குறைவு.

இந்த மாதம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து அதட்டினார்.

"அந்த ஃபினைல்அலனின் ரொம்பக் கம்மியாயிடுச்சும்மா. அதான் முடி கொட்டுது, எடை ஏறல. ஜாஸ்தியானா ஆபத்துதான். ஆனா கொஞ்சமாவது இல்லன்னா புள்ள எப்படி வளரும்? அதை உடம்பு தானா செஞ்சுக்காதே!"

அளந்து கொடுக்கச் சொன்ன சோற்றிலும் அது இருக்குமே என்று பயந்துபோய்ப் பாதியைக் குறைத்தவள் தேவிப்ரியாதானே.

அந்தப் பௌர்ணமியில் நிலா மலைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மாதாமாதம் எலுமிச்சை சாதம் கொடுக்கும் ஆதிமூலம் வழக்கம்போல் தொன்னையை நீட்டினார்.

"இந்த மாசமாவது ஒரு வாய் வாங்கிக்கம்மா."

தேவிப்ரியா வாங்கினாள். கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பையிலிருந்த அளவு ஸ்பூனில் சாதத்தைத் தலைதட்டி மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

தென்றல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணாங்க, கொழந்தைக்கு ஆகாது."

தன் குரல் அப்படியே திரும்பி வந்ததில் தேவிப்ரியா நடுரோட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"ஆகும்டி கண்ணு. இவ்ளோ ஆகும்."

குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்லக் கையை எடுத்தது.