வாளிச் சில்லின் சத்தம்

என் கைத்தொலைபேசியில் அறுபத்துநாலு குரல் பதிவுகள் இருக்கின்றன. எல்லாம் பாரிஸிலிருந்து அக்கா அனுப்பியவை. முதலாவதைத் தொட்டால் அவருடைய குரலுக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். கீச், கீச், கொஞ்சம் நின்று, மறுபடியும் கீச். சில்லுப் பூட்டிய வாளியை அவர் பளிங்குத் தரையில் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் அது. ஒரு சில்லுக்கு எண்ணெய் போதாது. "பொறு தம்பி, இந்த வாளியை ஓரமா விட்டிட்டுக் கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா ஊர்ப் புதினம் சொல்வதுபோலப் பாரிஸைச் சொல்லத் தொடங்குவார். அந்தச் சத்தத்தை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒரு தரமும் எழுதவில்லை.

அக்கா என் பெரியம்மாவின் மகள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் ரொறன்ரோவுக்கு வந்த காலத்தில் அவர் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் துப்புரவு வேலை. விடிய ஐந்து மணி மெத்ரோ ரயில் பிடித்துப் போய், சனங்கள் உள்ளே வருவதற்குள் துடைத்து முடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். என் பிள்ளைகளுக்கு அவர் பாரிஸ் மாமி. பிறந்தநாளுக்கு மறக்காமல் கூப்பிடுவார். மற்றபடி எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு எழுந்ததில்லை.

நான் பாரிஸுக்குப் போனது ஒரேயொரு தடவை. உறவுக்காரப் பிள்ளை பெரியவளானதற்கு வைத்த சாமத்தியச் சடங்குக்காக நாலு நாள். அதில் இரண்டு நாள் நகரத்துக்கு வெளியே ஒரு மண்டபத்துக்குள்ளும், ஒரு நாள் நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலில் சேலைக் கடைகளுக்குள்ளும் போய்விட்டது. ஈபிள் கோபுரத்தை மழைக்குள் கார்க் கண்ணாடியால் பார்த்தேன். அவ்வளவுதான் என் பாரிஸ். திரும்பி வந்ததும், தமிழ்க் கடை வாசல்களில் அடுக்கி வைத்திருக்கும் இலவச வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், பயணத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். வாசித்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆசிரியர் தொடராக எழுதச் சொன்னார். பாரிஸ் மாநகருக்கு ஓர் அறிமுகம் என்று தலைப்பும் அவரே போட்டார். வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ உச்சி குளிர்ந்துபோயிருந்தது. அன்று பின்னேரமே அக்காவுக்கு, உங்கள் நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ, எழுதப்போகிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

பாவம், அவருக்கு எவ்வளவு சந்தோசம். அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லையாம். கிழமைக்கு இரண்டு மூன்று பதிவுகள் வரத் தொடங்கின. எனக்கு வீடு ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில், வேலை மேற்கே மிசிசாகாவில். காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் கார் ஊர்ந்து போகும். அந்த நேரமெல்லாம் அக்காவின் பாரிஸ்தான் என் காதில். விடிய ஐந்து மணி மெத்ரோவில் துப்புரவுக்காரரும் சமையற்காரரும் மட்டுந்தான் இருப்பார்களாம். ஆபிரிக்கர், போர்த்துக்கேயர், நம்மவர் என்று ஒவ்வொருவருக்கும் வழமையான இருக்கை உண்டு, மற்றவர் அதில் இருக்கமாட்டாராம். கடைக்குள் போனால் முதலில் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், எவ்வளவு பெரிய ஆளென்றாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். பேக்கரியில் நீட்டுப் பாண் வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே நுனியைக் கிள்ளித் தின்றுவிடுவார்கள், அதை ஒருவரும் குறையாக நினைப்பதில்லை. ஆற்றங்கரை மதிலில் பழைய புத்தகம் விற்கும் பச்சைப் பெட்டிகளில் மழை நாளில் ஈரக் கடுதாசி மணக்கும். இவற்றையெல்லாம் நான் நடந்து பார்த்ததாக, நான் கிள்ளித் தின்றதாக, நான் முகர்ந்ததாக எழுதினேன்.

ஒரு பதிவில் சிலைகள் இருக்கும் மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். வெயில் காலத்தில் எட்டு மணிக்குக் கிட்ட, கிழக்கு யன்னலால் வெயில் வந்து தரையில் விழும். பத்து நிமிடந்தான் நிற்கும். அந்தப் பத்து நிமிடமும் அக்கா தரை துடைக்கும் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுச் சும்மா நிற்பாராம். மேற்பார்வையாளர் கண்டால் பேச்சு விழும். "விழட்டும் தம்பி, வருசம் முழுக்க அவைக்குத்தானே குனியிறன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பத்து நிமிடத்தை நான் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். தன்னந்தனியனாக நான் அந்த மண்டபத்தில் நின்றேன், தரை தண்ணீர்போல மினுங்கியது, கற்சிலைகள் மூச்சு விடுவதுபோல இருந்தது என்றெல்லாம் அளந்தேன். தொடரில் எல்லாரும் கொண்டாடிய பகுதி அதுதான்.

தொடர் புத்தகமானது. அச்சுக்குப் போகுமுன் வாசித்த என் மனைவி, அக்காவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே என்று கேட்டாள். ஏற்புரையில் சொல்லுவேன் என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைத்தோம். அதே கிழமையில் உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்று இருந்ததால் அக்காவும் வந்திருந்தார். கலியாணத்துக்கென்று கொண்டுவந்த அரக்குச் சேலையை விழாவுக்கே கட்டிக்கொண்டு ஐந்தாவது வரிசையில் இருந்தார். முன்வரிசையில் பிரமுகர்களுக்கு என்று தாள் ஒட்டி வைத்திருந்தது.

எங்கள் விழாக்களுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. முதற் பிரதி ஒரு பெரிய மனிதருக்கு. பிறகு சிறப்புப் பிரதிகள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள், வந்து வாங்கிப் படத்துக்கு நிற்பார்கள். வீடு விற்கிற முகவர், பல் வைத்தியர், நகைக்கடைக்காரர் என்று முப்பது பேருக்கு மேல் பெயர் எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டியல் தயாரித்தவன் நானேதான். அதில் அக்காவின் பெயர் இல்லை. ஏற்புரைக்கு எழுதி வைத்திருந்த தாளில் மட்டும் கடைசி வரியாக இருந்தது. ஆனால் எனக்கு முன் பேசியவர், இரண்டு மாதம் பாரிஸில் தங்கித் தெருத்தெருவாக நடந்து எழுதிய நூல் இது என்று சொல்லிவிட்டார். அப்படி நான் அவரிடம் சொன்னதில்லை. புத்தகம் சொல்லியது. சபை கைதட்டியது. நான் எழுந்து அச்சகத்தாருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, சிற்றுண்டிக்கு ரோல்ஸ் செய்து தந்த அன்ரிக்குக்கூட நன்றி சொன்னேன். கடைசி வரிக்கு வந்ததும் தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டேன். ஐந்தாவது வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

ஏனையோரும் மேடைக்கு வரலாம் என்று அறிவித்தபோது வரிசையில் அக்காவும் நின்றார். அறிவிப்பாளர் அவருடைய பெயரைக் கேட்க, பரவாயில்லைத் தம்பி என்று கையை அசைத்துவிட்டு என்னிடம் வந்து இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கினார். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். அவருக்கு முன் வந்த ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கெல்லாம் என்ன எழுதினேனோ அதையே அவருக்கும் எழுதினேன். வாசிப்பு இன்பமாக அமையட்டும், அன்புடன் என்று. பேனை தன்பாட்டில் ஓடியது. அதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்குக் காது சுடும்.

அடுத்த நாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து அக்கா காலையிலிருந்து வாசித்தார். நான் அந்தப் பக்கம் போகாமல், இல்லாத வேலையெல்லாம் உண்டாக்கிக் கராஜுக்குள் நின்றேன். மத்தியானம் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு அவரே என்னைக் கூப்பிட்டார். புத்தகம் சிலை மண்டபப் பக்கத்தில் விரிந்திருந்தது.

"அந்த நேரத்தில கதவு திறக்கிறேல்லையடா. நீ எப்பிடி உள்ளுக்குப் போனனீ?" என்று கேட்டார். கோபமே இல்லை. மெய்யாகவே அறிய விரும்புகிறவர்போலக் கேட்டார். இத்தனை பேர் வாசித்தார்கள், மேடையில் பாராட்டினார்கள், ஒருவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. காசு கொடுத்து உள்ளே போகிற ஒருவரும் அந்த வெயிலைக் காண முடியாது. வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் கிடைக்கிற பத்து நிமிடம் அது. அக்காவுக்கு அங்கே தனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் நான் எடுத்து என் பெயரில் போட்டிருந்தேன்.

அக்கா விரலை ஒரு வரியில் வைத்தார். "தரை மினுங்குது எண்டு எழுதியிருக்கிறாய். ஓம், அண்டைக்கு நல்லாத்தான் துடைச்சனான்."

மன்னித்துக்கொள்ளுங்கோ அக்கா என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றேன். பதிப்பாளரிடம் பேசுகிறவன் மாதிரி. அவர் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி, கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். என் மனைவி பாய்ந்து வந்து தடுத்தாள். எனக்கு இருந்த இடத்தைவிட்டு எழும்பத் தெரியவில்லை.

அவர் திரும்பிப் போனபின் பதிவுகள் வரவில்லை. அறுபத்துமூன்றோடு நின்றுவிட்டன. பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் பூப்படங்கள் வரும், நானும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிடுவேன். அடுத்த பதிப்பும் வரவில்லை. மிச்சப் புத்தகங்கள் ஆறு பெட்டிகளில் நிலவறையில் கிடக்கின்றன. இப்படியே நாலு வருடம் போனது. போன மாதம் அதே பத்திரிகை ஆசிரியர், உங்கள் நூல் பிறந்த கதையை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். முன்னைப்போல உச்சி குளிரவில்லை. வேலையால் வரும் வழியில் ஒரு கோப்பிக் கடைத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, முதற்தடவையாக நான் அக்காவுக்குக் குரலில் பேசினேன். பேசுவதும் அழிப்பதுமாக ஏழு தரம். எட்டாவது தரம், புத்தகத்தில் செய்தது களவு, அதை அப்படியே எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டு அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை, நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது அறுபத்துநாலாவது பதிவு வந்தது. பழக்கத்தில் முதலில் வாளிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. முழங்கால் ஏலாமல் வேலையை விட்டு ஒரு வருடமாகிறதாம். அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

"என்ர பேர் என்னத்துக்குத் தம்பி, அது வேண்டாம்" என்றது அந்தக் குரல். பிறகு சொன்னார். "எழுதிறதெண்டா எழுது. ஆனா இந்த முறை வாளியையும் எழுது."