ஊசிதான் முதலாளி

வலக்கை உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டுத்தான் வெர்லா தோர்ஸ்பி விமானத்தின் விசைப்பிடியைத் தொடுவார். வெளியே எத்தனை குளிரானாலும் சரி, வெறுங்கைதான். கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுவார். கண் மட்டும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஊசியை விட்டு நகராது.

இந்த அம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. அமெரிக்காவின் சால்மன் ஆற்று மலைகளில், பனியால் வழி அடைபட்ட பண்ணைகளுக்குத் தபாலும் கோழித்தீவனமும் கொண்டுபோகிறார். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் தன் சட்டைப்பைக்குள்ளேயே துப்புவார். யாராவது அவசரப்படுத்தினால் ஒரே பதில்: "ஊசிதான் முதலாளி. நான் வெறும் கூலியாளு."

அவருடைய எஞ்சினைப் பழுது பார்ப்பவன் நான். மலைமேல் காற்று மெலிது. டர்போ என்ற கருவி அதை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அழுத்தம் அளவு மிஞ்சாமல் திறந்துவிட ஒரு கதவு உண்டு. அதை அசைப்பது எஞ்சின் எண்ணெய். குளிரில் எண்ணெய் இறுகிக் கிடந்தால் கதவு பிந்தித் திறக்கும். அதற்குள் விசையைத் தள்ளினால் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டும். சிலிண்டரே விரிசல் விடலாம்.

சென்ற பிப்ரவரியில் கெஸ்னர் பண்ணையின் ஜெனரேட்டரைச் சரிசெய்ய அவரோடு போனேன். பனிப்புயலால் அங்கேயே தங்கினோம். விடிந்தபோது பண்ணைக்கார லாய்டின் தம்பி எம்மெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். குடல்வால் வெடித்துவிட்டது என்று ரேடியோவில் மருத்துவர் சொன்னார்.

அடுப்பு வைத்து எஞ்சினைச் சூடாக்கினோம். எம்மெட்டைப் பின்னால் படுக்கவைத்தோம், லாய்டும் கூட ஏறினான். எஞ்சின் ஓடத் தொடங்கியும் விமானம் நகரவில்லை.

"இன்னும் என்னத்துக்கு நிக்குற? என் தம்பி சாகக் கெடக்குறான்!" என்று லாய்டு கத்தினான்.

"எண்ணெய் சூடேறல" என்றார் வெர்லா.

"எண்ணெயாவது மண்ணாவது! கெளப்பு!"

"கத்து லாய்டு, நல்லாக் கத்து. அந்தச் சூட்டுக்காவது எண்ணெய் எளகட்டும்."

ஒன்பது நிமிடம் காத்திருந்தார். பிறகு பிரேக்கை அழுத்தியபடியே விசையை மெல்ல ஏற்றி, ஊசி கோட்டருகே நிலைத்ததும் பிரேக்கை விட்டார். ஓடுபாதை குட்டை, முடிவில் பைன் மரங்கள். பாதி தூரம் ஓடியதும், வேகத்தில் உள்ளே புகும் காற்றும் கூடி, ஊசி தானாகவே கோட்டைத் தாண்டி ஏறியது.

மரங்கள் எதிரே வளர்ந்துகொண்டே வந்தன. எனக்கிருந்த ஒரே ஆசை, பிடியை அடிவரை குத்தித் தள்ள வேண்டும் என்பதுதான். வெர்லா அதைப் பின்னுக்கு இழுத்தார், ஒரு நெல்லளவு. ஊசி இறங்கியது. சக்கரம் தரையை விட்டது. பைன் நுனிகள் விமானத்தின் வயிற்றுக்கடியில் ஓடி மறைந்தன. 

நகரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. எம்மெட் பிழைத்தான், இன்று மாடு மேய்க்கிறான்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் வெர்லா என்னிடம் வந்தார். "ரெண்டு செகண்டு கோட்டத் தாண்டிருச்சு. எஞ்சினப் பிரிச்சுப் பாத்துரு."

"நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும், வெர்லா? நாளைக்கு ஏழு பண்ணைக்குத் தபால் இருக்கு."

"எஞ்சினுக்குத் தெரியும்ல."

விமானத்தின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.