தியாபின் கையெழுத்து

தன்னார்வலர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முதல் வாரம் துடியாய் வருவார்கள். இரண்டாவது வாரம் உடைந்த பானையைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது வாரம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்விடும். கிர்பத் அல்-லோஸ் தொல்லியல் பூங்காவில் இருபத்தெட்டு வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமையானால் இர்பித் நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, தூண்களுக்கு நடுவே கோழி சுட்டுத் தின்றுவிட்டுப் போகிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிற கிடங்கை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்குள் நானும் ஒரு மின்விசிறியும்தான்.

அதனால் ஃபித்தா வந்து நின்றபோது, இவளும் மூன்று வாரம்தான் என்று நினைத்தேன். அறுபத்தொரு வயது. கறுப்பு அங்கி, வெள்ளை முக்காடு, ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு ரப்பர் செருப்பு. வாசல் காவலர் அபூ ஸக்ர்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சுஹைலா மேடம், தியாபோட சம்சாரம். வீட்ல சும்மா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்காங்களாம். இங்க வந்து உங்க மூஞ்சியப் பாக்கட்டுமே."

"சுவரே தேவலைன்னு ஓடிடப் போறாங்க" என்றேன்.

ஃபித்தா சிரிக்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். "ஆனா கை நிதானமா இருக்கும்."

கை நிதானமாகத்தான் இருந்தது. பழைய அகழாய்வுகளில் கிடைத்ததெல்லாம் துணிப்பையிலும் காகிதப் பையிலும் கிடந்து மக்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் புதிய பைகளுக்கு மாற்றுகிற வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பைக்குள்ளும் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு இருக்கும்: எந்தச் சதுரக் குழி, எத்தனையாவது மண் அடுக்கு, என்ன பொருள், எந்த நாள். ஃபித்தா அந்தச் சீட்டைத் தூரிகையால் தட்டித் தட்டிப் பிரித்து வைப்பாள். பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வந்த ரனீம் அதைப் படித்துப் புதுச் சீட்டு எழுதுவாள். பழைய சீட்டும் பையோடு போக வேண்டும். அது என் சட்டம். சீட்டு இல்லாத பொருள் எனக்குச் செத்த பொருள். எங்கே கிடைத்தது, எதோடு கிடந்தது என்று தெரியாத பொன்னைக்கூட நான் ஒரு காசுக்கு மதிக்கமாட்டேன்.

திங்களும் புதனும் வருவாள். பதினான்கு மாதம் வந்தாள். மலையேறி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மழையிலும் வந்தாள். பேச்சு அதிகமில்லை. ஒரு கேள்வி மட்டும் ஓயாமல் கேட்பாள்.

"ரனீம் கண்ணு, இது யாரு எழுதினது?"

"தெரியலையே காலா. பேரு போடலயே." சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி அவளைக் காலா என்பாள் ரனீம்.

"சுஹைலாவுக்குத் தெரியுமா?"

"ஃபித்தாக்கா, வேலையப் பாருங்க" என்பேன் நான். "யாரு எழுதினா என்ன? என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா போதாதா?"

அவள் அடுத்த பையை எடுத்துக்கொள்வாள். எனக்கு உறைக்கவே இல்லை. அவளுடைய புருஷன் தியாப் எங்கள் அகழாய்வுகளில் பதினெட்டு வருடம் சீட்டு எழுதியவர் என்று எனக்குத் தெரியும். குழிக்கு ஓரமாக ஒரு குடையை நட்டு, அதன் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவார். அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இவ்வளவும் தெரிந்தும், இந்த மனுஷி எதைத் தேடி மலையேறி வருகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் பொருள்களோடு குடும்பம் நடத்தினால் மனிதர்களைப் பற்றிய புத்தி மழுங்கித்தான் போகும்.

மார்ச் மாதம் சரிபார்த்தபோது ஒரு பையில் சீட்டு இல்லை. உள்ளே நீலக் கண்ணாடியில் செய்த ஒரு குடம், விரல் நுனியளவு, கழுத்தில் கோத்துக்கொள்ளக் காதோடு. புதுச் சீட்டும் எழுதப்படவில்லை, பழையதும் காணோம். அது கிடைத்த வருடத்துப் பதிவேட்டை அப்போது தோண்ட வந்த குழு எடுத்துக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. ஆக, அந்தச் சீட்டு ஒன்றுதான் அந்தக் குடத்துக்கு இருந்த ஒரே சாட்சி.

ரனீமைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "மேடம், அந்தப் பைய நான் தொடல. ஃபித்தா காலாதான் கேட்டாங்க. நீலக் கண்ணாடிக் குடம் ஒண்ணு இருக்கும், தேடிக் குடுன்னு ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருந்தாங்க. போன வாரம் கெடச்சுது, எடுத்துக் குடுத்தேன். பாத்துட்டு அழுதாங்க. நான் தண்ணி எடுக்கப் போயிட்டேன்."

கோபம் தலைக்கு ஏறிவிட்டது எனக்கு. வெளியே போகிற ஒவ்வொருவருடைய பையையும் அபூ ஸக்ர் குடைந்து பார்ப்பார். காசு இருக்கிறதா, சிலை இருக்கிறதா, ஓடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு காகிதத் துண்டை யார் தேடுவார்கள்?

அன்று மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். ஊர்க் கடைசியில் இரண்டு அறை. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. "உக்காருங்க, டீ போடறேன்" என்றாள்.

"டீ குடிக்க வரல. சீட்டு எங்க?"

தொலைக்காட்சிக்கு மேலே படம் மாட்டுகிற ஒரு சட்டம் இருந்தது, சந்தையில் விற்கிற பொன் நிறச் சட்டம். அதற்குள் படம் இல்லை. பழுப்பேறிய அந்தச் சீட்டு இருந்தது.

"எங்கிட்ட அவரோட எழுத்து ஒண்ணுகூட இல்ல, சுஹைலா" என்றாள். "ஊர்ல இருக்கற மண்ணுக்கெல்லாம் எழுதிக் குடுத்தாரு, வீட்டுக்கு ஒரு வரி எழுதல. எழுதினாலும் எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா? நிக்காஹ் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருந்தாரு. நெலத்துக்குக் கேஸ் போடணும்னு கொழுந்தனுங்க வாங்கிட்டுப் போனானுங்க, தரல. புள்ள இல்ல. இருந்தா அவரு மூஞ்சியாவது மிஞ்சியிருக்கும். எனக்கு இந்த ஒரு துண்டு போதும். வேற எதையும் நான் தொட்டதில்ல, அல்லாஹ் மேல சத்தியம்."

"அத்தனை சீட்டு இருக்கும்போது இது எதுக்கு?"

"மத்தது யாரு எழுதினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்களும் சொல்லல. இது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். அன்னைக்கு நான் அங்க இருந்தேன்."

சட்டத்தைக் கையில் எடுத்தேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டது.

"இது அவர் எழுத்தே இல்ல. இது என் எழுத்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. ஃபித்தா என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். நின்றிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பொய் சொல்றீங்க. திருப்பி வாங்கறதுக்காகச் சொல்றீங்க."

பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. ஆனால் அந்த எழுத்து என்னுடையதுதான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நானும் ரனீம் மாதிரி பயிற்சிக்கு வந்தவள்தான். தியாப் இடத்தில் இல்லாதபோது என்னை எழுதச் சொல்வார்கள். எண்களை எழுதும்போது கடைசி எண்ணின் வாலை இழுத்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

"அன்னைக்கு நீங்க சாப்பாடு கொண்டு வந்தீங்க" என்றேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே ஞாபகம் வந்தது. "முஜத்தரா, பருப்புச் சோறு. அலுமினியச் சட்டியில. இருக்கற ஆம்பளைங்க எல்லாம் உங்களையே பாத்தாங்க."

"காலைல சாப்பிடாமப் போயிட்டாரு" என்றாள் ஃபித்தா, தரையைப் பார்த்தபடி. "அவங்கம்மா ரெண்டாவது கட்டிக்கன்னு பொண்ணு பாத்து வெச்சிருந்தாங்க. ராத்திரி பூரா சண்ட. நான்தான் சொன்னேன், கட்டிக்க, எனக்கு வயிறு காஞ்சு போச்சுன்னு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல."

"அத்தி மரத்தடில உக்காந்தீங்க ரெண்டு பேரும். அரை மணி நேரம். இந்தக் குடம் அப்பதான் வெளிய வந்துச்சு. மேஸ்திரி தியாப் தியாப்னு தொண்ட கிழியக் கத்தறாரு. அவர் திரும்பிக்கூடப் பாக்கல. கையக் காட்டி, அந்தப் பொண்ண எழுதச் சொல்லுங்கன்னுட்டாரு. எனக்கு எவ்ளோ ஆத்திரம் தெரியுமா? என் சாப்பாட்டு நேரம் போச்சு. முணுமுணுத்துக்கிட்டே எழுதினேன்."

ஃபித்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கட்டிக்கமாட்டேன்னு அப்பதான் சொன்னாரு" என்றாள் பிறகு. "இனிமே அந்தப் பேச்ச எடுத்தா உன்ன வீட்ட விட்டுத் தொரத்திடுவேன்னு சொல்லிக்கிட்டே சாப்பிட்டாரு. எந்திரிச்சுப் போயி அந்தக் குடத்தக் கொண்டாந்து என் கைல வெச்சாரு. பாரு, எவ்ளோ சின்னதுன்னு."

அவள் என் கையிலிருந்து சட்டத்தை வாங்கித் திறந்து, நகம் படாமல் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "உங்களோடது. எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது, பழைய சீட்டு பையோடுதான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நானல்லவா? குடத்தின் பையில் சீட்டைப் போட்டேன், ரனீமின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன், அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். கடைசியதுதான் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை ஃபித்தா வரவில்லை. திங்களும் வரவில்லை. அடுத்த புதனும் போயிற்று. ரனீம் பயிற்சி முடிந்து போய்விட்டாள். அபூ ஸக்ர் வாசலிலிருந்தே கேட்டார்: "என்ன மேடம், தொரத்திட்டீங்களா?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கிடங்கில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் எனக்கு அந்த வாரம்தான் முதல் முறையாகக் கேட்டது. இது யாரு எழுதினது என்று யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தது. எனக்கு ஃபித்தா வேண்டியிருந்தாள், அவ்வளவுதான். இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எல்லாக் கிடங்கிலும் ஒரு தகர டப்பா இருக்கும். எலி கடித்தோ, பை கிழிந்தோ, யாரோ களவாடியோ பொருள் போய்விட்டு, சீட்டு மட்டும் மிஞ்சினால் அதில் போட்டு வைப்போம். எதற்கும் உதவாது. தூக்கி எறியவும் மனம் வராது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அதைத் தரையில் கொட்டினேன். இருநூறுக்கு மேல் இருந்தன. தியாபின் எழுத்து எனக்கு அத்துப்படி. வலப்பக்கம் சாய்ந்து, ஓடுகிற மாதிரி இருக்கும். அவர் எழுதியது பதினேழு தேறியது. அதில் ஒன்றில் மட்டும் கீழே தன் பெயரையும் போட்டிருந்தார். ஏன் போட்டார் என்று தெரியாது.

அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அபூ ஸக்ரிடம் நானே நீட்டிக் காட்டினேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஃபித்தா கதவைத் திறந்தாள். சட்டம் தொலைக்காட்சிக்கு மேலே அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல்.

"இது அவருதுதான்" என்றேன். "இத நான் எழுதல. சத்தியமா. இதுக்குரிய பொருள் எப்பவோ போயிடுச்சு. இத நீங்க வெச்சுக்கிட்டா யாருக்கும் நஷ்டமில்ல."

அவள் வாங்கவில்லை. கையை அங்கியில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகுதான் வாங்கினாள். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போனோம்.

"படிங்க."

"ஒன்பதாம் சதுரம். மூணாவது அடுக்கு. அடுப்புச் சாம்பல், ரெண்டு கைப்பிடி. புதன்கிழமை. தியாப்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுல அவர் பேரு எது?"

காட்டினேன். அவள் விரலை அதன் மேல் வைக்காமல், சற்றுக் கீழே வைத்தாள். பென்சில் அழிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு மாதம் என் கிடங்கில் வேலை பார்த்தவளாயிற்றே.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். "மெதுவா."

மெதுவாகப் படித்தேன். பிறகு இன்னொரு முறை கேட்டாள், அதையும் படித்தேன். எனக்கும் அவசரமில்லை. வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை.